“வலிக்கல” என்றால் நம்பாத மிஸி

நர்ஸை நாங்கள் மிஸி என்போம், ஆனால் அந்த மிஸி ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. கட்டுப் பிரித்தும் பார்த்ததில்லை. மருந்துத் தள்ளுவண்டியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் மலேசியாவில், ஈப்போவில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் அவர் வருகிற சத்தம் கேட்டாலே ஒரு பயம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு.

ஒப்பரேஷன் முடிந்த பிள்ளைகள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது, எடையை அளக்கத் தராசு இருக்கிறது. தேறுவதை எதைக் கொண்டு அளப்பது? அவரிடம் ஓர் அட்டை இருந்தது. அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருக்கும். ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறு கோடியில் கண்ணீர் விடுகிற முகம். பிள்ளை தன் வலி எந்த முகம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகு சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வருவார்.

குட்டையான, அகலமான உடம்பு. நெற்றியில் திருநீறு. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பெரட்டுக் களத்தில் விடிகாலையில் ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தோட்டத்துக் கணக்குக் கிராணியின் குரல் அவருக்கு. நானும் சுங்காய்த் தோட்டத்துக்காரன் என்பதால் அந்தக் குரலைக் கேட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மார்பில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தார், ஆனால் வார்டில் யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் எல்லாருக்கும் அவர் மிஸிதான்.

அவரிடம் இருந்த ஒரே குணம், நல்ல பதிலை நம்பாதது.

நம் ஆள்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் பிள்ளையிடம் “வலிக்குதா?” என்று கேட்டால் பதில் அம்மாவின் வாயிலிருந்து வரும். “இல்ல டாக்டர், நல்லா இருக்கான்.” மரியாதைக்காகச் சொல்வதுதான். கஷ்டப்பட்டு வைத்தியம் பார்த்தவரிடம் இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் அவரைக் குறை சொன்னது போல் ஆகிவிடுமே. மிஸிக்கு அது ஆகவே ஆகாது. பாகான் செராயிலிருந்து வந்திருந்த ஒரு தாய், பையனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் “ஓக்கே மிஸி, ஓக்கே மிஸி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிஸி அவர் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்க ஓக்கேன்னு எனக்குத் தெரியும் லா. காலையில கேண்டீன்ல ரெண்டு ரொட்டி சானாய் சாப்டீங்க, பார்த்தேன். நான் உங்க மவன கேக்குறேன்” என்றார். வார்டே சிரித்தது. அந்தத் தாயும் சிரித்தார், ஆனால் அன்று முழுவதும் மிஸியோடு பேசவில்லை.

அந்தப் பையன் மறுநாள் மிஸி வந்ததும் தலையணையை வீசி, “மிஸி போடோ! போ!” என்று கத்தினான். போடோ என்றால் மலாயில் முட்டாள். தாய் அவன் வாயைப் பொத்த ஓடினார். மிஸிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. “வுடுங்கக்கா, வுடுங்க. வயித்துலேருந்து கத்துறான் பாருங்க. இவன் தேறிட்டான். வீட்டுக்குப் போலாம்!” அடங்கியிருக்கிற பிள்ளை என்றால்தான் அவருக்குச் சந்தேகம்.

எப்போதும் அவர் நினைத்தது சரியாகவும் இருக்காது. ஒரு மலாய்க்காரப் பெண் பிள்ளை பேசாமலே படுத்திருந்தது. மிஸி சந்தேகப்பட்டதால் இன்னும் சில நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளையின் சுபாவமே அப்படி. அதன் தாய் எல்லார் முன்னாலும் மிஸியைத் திட்டித் தீர்த்துவிட்டார். மிஸி நின்று கேட்டு, மன்னிப்பும் கேட்டார். சாயங்காலம் அடுத்த கட்டிலில் போய் மறுபடியும் அதே வேலையை ஆரம்பித்தார்.

என் மகள் எஸ்தர் இந்த மிஸியிடம்தான் மாட்டிக்கொண்டாள். இல்லை, மாட்டிக்கொண்டது நான் என்று சொல்ல வேண்டும்.

எஸ்தருக்கு அப்போது ஏழு வயது. வயிற்று வலி என்றாள், சூடு பிடித்திருக்கும் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. உடனே ஒப்பரேஷன் செய்தார்கள். என் மனைவி அப்போதுதான் இரண்டாவது பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்தாள். அதனால் ராத்திரியில் என் மைத்துனி வந்து துணைக்குப் படுத்துக்கொள்வாள், பகலில் நான். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அத்தனை தாய்மார்களுக்கு நடுவே ஒரே ஆம்பளை. ஒருத்தர் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே வருவதற்கு ஒரு காவலாளி, வெளியே போவதற்கும் அதே காவலாளி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, கைதி நானா பிள்ளையா என்று தெரியாமல் போய்விட்டது.

எஸ்தர் நல்ல பிள்ளை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை சபை, பெரியவர்கள் சொன்னால் கேட்பது என்றே வளர்ந்தவள். ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதலில் கேட்டது, “அப்பா, நீங்க சாப்டீங்களா?”

சில நாள் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் எங்கள் சபையிலிருந்து வந்தார்கள். பாஸ்டரும் நாலைந்து சகோதரிகளும். கட்டிலைச் சுற்றி நின்று மெல்லிய குரலில் பாடினார்கள். பாஸ்டர் பிள்ளையின் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெபம் முடிந்ததும் அவர் குனிந்து கேட்டார்: “பாப்பா, இயேசப்பா சுகம் குடுத்துட்டாரா?”

“குடுத்துட்டாரு.”

“இப்ப வலி இருக்கா?”

எஸ்தர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். “இல்ல.”

“ஸ்தோத்திரம்!” என்றார்கள் எல்லாரும். பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கைக்குழந்தையைச் சபையில் ஜெபித்து, கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்து, பிரதிஷ்டை செய்வதாக ஏற்கெனவே பேச்சு. “அன்னைக்கே பாப்பாவும் முன்னால வந்து சாட்சி சொல்லட்டும் பிரதர்” என்றார். கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன?

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். இளம் டாக்டர், தன்மையானவர். எஸ்தர் வலி இல்லை என்றாள். லேசான காய்ச்சல்தான், அதுவும் இறங்கிக்கொண்டு வருகிறது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். மனைவிக்குப் போன் போட்டேன். அவள் அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு மிஸி வந்தார். அட்டையை நீட்டினார். எஸ்தர் யோசிக்காமல் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

“இந்த மூஞ்சி சிரிக்குது. நீ ஏன் சிரிக்கல?”

எஸ்தர் உதட்டை விரித்துக் காட்டினாள்.

“அது போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு.” மிஸி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைக் காட்டி, “உங்கப்பா நேத்து இந்த நாற்காலியிலயே தூங்கிட்டாரு தெரியுமா? கொறட்டை விட்டாரு பாரு, பக்கத்துக் கட்டில் பாப்பா மழை வருதுன்னு ஜன்னல சாத்தச் சொல்லிச்சு” என்று என்னைப் போலவே வாயைப் பிளந்து குறட்டை விட்டுக் காட்டினார். பக்கத்துக் கட்டிலில் சிரிப்புத் தாங்கவில்லை. எஸ்தருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அவள் பாதியில் பிடித்து நிறுத்தினாள். போர்வைக்குள் இருந்த கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். மிஸியும் பார்த்தார்.

“வலிக்குதா கண்ணு?”

“வலிக்கல மிஸி.”

மிஸி என்னைத் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். “அண்ணே, பாப்பா எதையோ மறைக்குது. டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். ஆனா என்னா சொல்றது? பிள்ள வலிக்கலங்குது, தகப்பன் வலிக்கலங்குறாரு. எனக்கு மட்டும் வலிக்குதுன்னா சொல்ல முடியும்?”

“மிஸி, எங்க பிள்ள பொய் சொல்லாது.”

“பொய்னு நான் சொன்னேனா?”

“ஜெபம் பண்ணிருக்கோம் மிஸி. அவளே சுகமாயிட்டேன்னு வாயால சொல்லிருக்கா. இப்ப நான் போயி வலிக்குதா வலிக்குதான்னு நோண்டினா, கர்த்தர சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?”

இன்றைக்கு இதை எழுதும்போதும் அப்போது நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போர்வைக்குள் போன கையை என் கண் பார்த்துவிட்டது. கேட்டால் விசுவாசம் குறைந்தது போல் ஆகும். கேட்காவிட்டால் தகப்பனாக இருந்து என்ன புண்ணியம்? நாளைக்கு என்று டாக்டர் சொல்லியாயிற்று, ஞாயிறு என்று பாஸ்டர் சொல்லியாயிற்று, மனைவி வீட்டில் பாட்டே பாடிவிட்டாள். எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்லவர்களுக்கு நடுவில் அசைய இடமில்லாமல் நின்றேன்.

மிஸி சண்டைக்கு வரவில்லை. இடது கையை நீட்டிக் காட்டினார். நடுவிரல் குச்சி மாதிரி நேராக நின்றது, மடங்கவில்லை. “சின்னப் பிள்ளயில ஆலை மெஷின்ல விரல மாட்டிக்கிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி ட்ரெஸர் கட்டுப் போட்டாரு. பெறவு வந்து, இப்ப எப்படி இருக்குன்னு எங்கப்பாவக் கேட்டாரு. எங்கப்பா, நல்லாயிடிச்சிங்க ஐயான்னு கும்புட்டாரு. என்னய யாரும் கேக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “எங்கப்பா ரொம்ப நல்லவருண்ணே. உங்கள மாதிரியே.”

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

“ஒன்னு செய்ங்க. நான் பேசுறேன். நீங்க பக்கத்துல நிக்காதீங்க. உங்களப் பார்த்தா அது உங்களுக்காகப் பேசும். கடவுளுக்கு எல்லாம் தெரியும், அவருக்கு யாரும் சொல்ல வேணாம். எனக்குத்தான் ஒன்னும் தெரியாது. எனக்குச் சொல்லட்டும்.”

மிஸி போய்க் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். போகச் சொன்னார்தான், ஆனால் நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். வெறும் துணிதானே, எல்லாம் கேட்டது.

“பாப்பா, நான் உங்க கோயிலுக்கு வந்ததில்ல. ஒன்னு கேக்கவா? உங்க சாமி சிலுவையில தொங்குறாரே, ஆணியெல்லாம் அடிச்சு. அவருக்கு வலிச்சுதா?”

“வலிச்சுது.” எஸ்தரின் குரலில், இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம்.

“சாமியாச்சே. வலிக்கலன்னு இருந்திருப்பாரு.”

“இல்ல மிஸி. ரொம்ப வலிச்சுது. சண்டே கிளாஸ்ல சொன்னாங்க.”

“அப்ப பல்லக் கடிச்சிக்கிட்டு சும்மா இருந்தாரா?”

“இல்ல. சத்தமா கூப்புட்டாரு. அவுங்கப்பாவக் கூப்புட்டாரு.”

“அப்படியா?” என்றார் மிஸி. அவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாரா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “கூப்புட்டதுக்கு அவுங்கப்பா கோவிச்சுக்கிட்டாரா?”

பிறகு என் பிள்ளை மிகச் சின்னக் குரலில் சொன்னாள்: “ஒன்னுக்குப் போறப்ப வலிக்குது மிஸி. கீழ. நிறைய. அப்பாகிட்ட சொல்லாதீங்க. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிட்டாங்க.”

நான் வெளியே நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

மிஸி சொன்னதும் டாக்டர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார். அடிவயிற்றில் சீழ் கட்டியிருந்தது. குடல்வால் வெடித்த பிள்ளைகளுக்கு இப்படி ஆவது உண்டு, வலி எங்கே என்று தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்றார். மறுபடியும் மயக்கம் கொடுத்து, வயிற்றில் குழாய் வைத்துச் சீழை வெளியே எடுத்தார்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? உண்மையைச் சொன்னேன், உடனே மறுபடியும் கத்தி வைத்தார்கள். அவளுக்குப் புரிந்தது அதுதான். மயக்கம் தெளிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “சொல்லாமயே இருந்திருக்கலாம்பா” என்றாள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக வந்து உட்கார்ந்தது. வயிறு ஆறிவிடும். இந்தப் பிள்ளை இனிமேல் எந்த வலியையாவது யாரிடமாவது சொல்லுமா?

ஞாயிற்றுக்கிழமை வார்டிலேயே போனது. கைக்குழந்தையின் பிரதிஷ்டையைத் தள்ளி வைத்தோம். பாஸ்டர் போனில், “பரவால்ல பிரதர், கர்த்தருடைய நேரம்னு ஒன்னு இருக்கு” என்றார். நல்ல மனுஷன். ஆனால் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. எனக்கும் இருந்தது.

மிஸி வழக்கம் போல் வந்து அட்டையை நீட்டினார். எஸ்தர் அதைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே எறிந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பொருளை எறிந்து அன்றுதான் பார்த்தேன். அதட்ட வாயைத் திறந்த என்னை மிஸி கண்ணாலேயே அடக்கினார். அந்தக் கனத்த உடம்போடு குனிந்து, முழங்காலிட்டு, கைவிட்டுத் துழாவி அட்டையை எடுத்தார். தூசியைத் துடைத்தார். மறுபடியும் நீட்டினார்.

“என் மேல கோவமா? இரு. அது உன் இஷ்டம். ஆனா மூஞ்சியக் காட்டு.”

எஸ்தர் நெடுநேரம் பார்க்கவில்லை. பிறகு விரலை நீட்டி, கண்ணீர் விடுகிற முகத்தை அட்டை வளைகிற அளவுக்கு அழுத்தினாள்.

“தேங்ஸ்மா” என்றார் மிஸி. பெரிய மனுஷிக்குச் சொல்வது போல் சொன்னார். உடனே போய் வலிக்கு மருந்து எழுத வைத்து, அது கைக்கு வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.

பல வாரம் கழித்து எஸ்தர் சபைக்கு வந்தாள். கைக்குழந்தையை ஜெபித்து முடித்ததும் பாஸ்டர் அவளை முன்னால் கூப்பிட்டார். என் மனைவி தைத்த வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இயேசப்பா என்னைக் காப்பாத்துனாரு. ஸ்தோத்திரம்” என்றாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். “எனக்கு ரொம்ப வலிச்சுது. இன்னும் ஓடுனா இழுக்குது” என்றும் சொன்னாள்.

பாஸ்டர் கொஞ்சம் தடுமாறி, பிறகு அவள் தலையில் கை வைத்து, “சரிம்மா. மிச்சத்துக்கும் ஜெபிப்போம்” என்றார். அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். பெண்கள் வரிசையில் மூத்த அக்கா ஒருத்தர், போன வருஷம் முட்டி வலி அடியோடு போய்விட்டது என்று அதே இடத்தில் நின்று சாட்சி சொன்னவர், கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார்.

டாக்டரிடம் மறுபடி காட்டப் போனபோது மிஸியைத் தேடிப் பிடித்து இதையெல்லாம் சொன்னேன். சந்தோஷப்படுவார், நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். எஸ்தர் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். “அந்த அக்கா முட்டிக்கு மருந்து எடுக்குறாங்களா?” என்றார்.

“தெரியலையே மிஸி.”

“சாட்சி சொன்ன கையோட நிப்பாட்டிருப்பாங்க. போயி கேளுங்க.”

“நான் எப்படி மிஸி? சபையில மூத்தவங்க.”

“அதனால என்னா லா? அவங்க வீட்டுக்காரரக் கேக்காதீங்க, மவளக் கேக்காதீங்க. அவங்களயே கேளுங்க.” சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். எஸ்தர் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள், வாய் நீளம், கேட்டால் கேட்டபடி பதில் வரும்.

மிஸி சொன்ன அந்த வாரமே ஆராதனை முடிந்து எல்லாரும் பின்னால் தேநீர் குடிக்கப் போன பிறகு அந்த அக்காவிடம் போனேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, முட்டி எப்படி இருக்கு?”

“ஸ்தோத்திரம் தம்பி. நல்லா இருக்கு.”

சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் நாங்கள் எல்லாரும் இத்தனை வருஷமாகச் செய்தது. நான் நகரவில்லை. வேறு ஒன்றும் கேட்கவும் தெரியவில்லை. சும்மா நின்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உக்காருங்க தம்பி” என்றார்.